மருந்துக்கடையும் முயல் காடும்

ஃபுவென்லப்ராடா, மாட்ரிட் நகருக்குத் தெற்கே, ரயிலேறினால் அரைமணிக்குள் போய் இறங்கிவிடக்கூடிய ஊர். ஏறக்குறைய 2 லட்சம் பேர் வசிக்கிறார்கள். வரிசை வரிசையாக அடுக்குமாடிகள், தொழிற்பேட்டைகள், ஊரைச் சுற்றி நெடுஞ்சாலைகள். 2009 ஜூலைக்குப் பிறகு இங்கே மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்கு முகத்திலோ கையிலோ ஆறாத புண் இருந்தது. வலி பெரிதாக இல்லை. என்ன களிம்பு போட்டாலும் அது மறையவும் இல்லை. வேறு சிலர் வாரக்கணக்காக விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு வந்தார்கள். அவர்களுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் ஒருசேரக் குறைந்திருந்தன. புண்ணோடு வந்தவருக்கும் காய்ச்சலோடு வந்தவருக்கும் நோயைக் கொடுத்தது ஒரே ஒட்டுண்ணிதான்: லீஷ்மேனியா இன்ஃபான்டம்.

மத்தியதரைக் கடலோர நாடுகளுக்கு இந்த ஒட்டுண்ணி புதிதல்ல. ஸ்பெயினில் நாய் வளர்க்கும் எவருக்கும் அதன் பெயர் தெரியும். மனிதரில் அது கைக்குழந்தைகளையும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும்தான் பிடிக்கும் என்பது மருத்துவர்களின் அனுபவம். ஃபுவென்லப்ராடாவிலோ வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த, வேறு எந்த நோயும் இல்லாத நடுத்தர வயதினர் விழுந்தார்கள். 2012 டிசம்பர் முடிய 446 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்கு வந்தது உள்ளுறுப்புகளைத் தாக்கும் வகை. மருந்து கொடுக்காவிட்டால் உயிரைக் குடிப்பது அது. பக்கத்து ஊர்களான லெகனேஸ், ஹெதாஃபே, ஊமானெஸ் ஆகியவற்றிலும் நோயாளிகள் இருந்தார்கள் என்றாலும் பெரும்பங்கு ஃபுவென்லப்ராடாவில்தான். ஐரோப்பாவில் பதிவான லீஷ்மேனியா பரவல்களில் இதைவிடப் பெரியது இல்லை.

நாய் குற்றவாளி இல்லை

லீஷ்மேனியாவைக் கடத்துவது மணல் ஈ. கொசுவைவிடச் சிறியது; நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். உடலெல்லாம் மயிர். உட்காரும்போது இறக்கைகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்துக்கொள்ளும். ரீங்காரம் கிடையாது, அதனால் கடித்த பிறகுதான் தெரியும். கடிப்பது பெண் ஈ மட்டும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கொசுவைப் போல இதற்குத் தேங்கிய தண்ணீர் தேவையில்லை. மக்கிய இலை, விலங்குப் புழுக்கை, சுவர் இடுக்கு, வளைக்குள் இருக்கும் ஈரமண் எதிலும் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் கொசு குறையும். மணல் ஈ குறையாது.

மணல் ஈ எங்கிருந்து ஒட்டுண்ணியை எடுத்து வருகிறது? ஸ்பெயினில் இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளாக ஒரே பதில்: நாய். ஆகவே முதலில் நாய்களைப் பரிசோதித்தார்கள். மனிதர்கள் நூற்றுக்கணக்கில் விழும் ஊரில் நாய்களிலும் தொற்று கூடியிருக்க வேண்டும். அப்படி இல்லை. நாய்களிடம் தொற்று வழக்கமான அளவில்தான் இருந்தது.

அப்போது கவனம் ஊரின் ஓரத்துக்குப் போனது. போல்வொரான்கா என்னும் பழைய பூங்காவையொட்டி, விவசாயம் கைவிடப்பட்ட நிலங்களில் மரம் நட்டு, போஸ்கேசூர் என்ற பெரிய பசுமைப் பூங்காவை உருவாக்கியிருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த வேலை. மூச்சுமுட்டும் புறநகருக்கு அது நுரையீரல் மாதிரி. ஆனால் சாலைகளும் ரயில் பாதைகளும் சூழ்ந்த அந்த இடத்துக்குள் நரியோ கழுகோ போதிய அளவில் இல்லை, வேட்டைக்கும் அனுமதி இல்லை. உள்ளே இருந்த முயல்கள் பெருகின. வளை தோண்டாமல் புல்வெளியில் படுத்துக்கொள்ளும் ஐபீரிய முயலும் உண்டு, வளைக்குள் கூட்டமாக வாழும் குழிமுயலும் உண்டு. பூங்காவின் எல்லையிலேயே வீடுகள் தொடங்கிவிடுகின்றன.

முயலைச் சந்தேகிப்பது எளிது. அதை நிரூபித்த விதம்தான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி.

ஆமணக்கெண்ணெய் பூசிய தாள்களையும் சிறு விளக்குப் பொறிகளையும் வைத்து மணல் ஈக்களைப் பிடித்தார்கள். ஃப்ளெபோடோமஸ் பெர்னிசியோசஸ் என்ற இனம் திரளாகச் சிக்கியது. வயிறு நிறைந்த பெண் ஈக்களைப் பிரித்தெடுத்து, குடலில் இருந்த இரத்தம் எந்த விலங்கினுடையது என்று மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். மனித இரத்தமும் இருந்தது. அதைவிட அதிகம் முயல் இரத்தம். ஈ முயலைக் கடிக்கிறது, மனிதரையும் கடிக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனாலும் முயலிடமிருந்து ஒட்டுண்ணி உயிரோடு ஈக்குள் போகிறதா என்பது தெரிய வேண்டும்.

மாட்ரிட்டை அடுத்த மாஹாதாஓந்தாவில், மூன்றாம் கார்லோஸ் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பல தலைமுறைகளாக மணல் ஈ வளர்க்கிறார்கள். அவை வெளியுலகத்தையே பாராத, தொற்று இல்லாத ஈக்கள். பூங்காவில் பிடித்த முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, இந்தச் சுத்தமான ஈக்களை அதன்மேல் விட்டார்கள். குடித்து முடித்த ஈக்களைச் சில நாள் வைத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய ஊசியால் குடலை உருவி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குடலுக்குள் சாட்டை போன்ற வாலை வீசிக்கொண்டு லீஷ்மேனியாக்கள் நீந்தின. அந்த முயல்கள் பார்வைக்கு நோயின் சாயல்கூட இல்லாதவை. 2012-ல் வெளிவந்த இந்த ஆய்வு, காட்டு முயலே ஒட்டுண்ணியின் நோய்த்தேக்கமாக இருக்க முடியும் என்று காட்டியது. குழிமுயலும் அப்படியே என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது.

அதற்குப் பின் செய்யவேண்டியது தெளிவானது. முயல்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். புதர்களையும் இடிபாட்டுக் குவியல்களையும் அகற்றினார்கள். புதிய நோயாளிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். நாய்தான் காரணம் என்ற பழைய முடிவோடு நின்றிருந்தால் நாய்களின் கழுத்தில் பூச்சிமருந்துப் பட்டை கட்டியே காலம் போயிருக்கும். முயல்கள் பெருகிக்கொண்டே இருந்திருக்கும்.

புழு படித்த மருந்தாளுநர்கள்

காட்டு விலங்கின் ஒட்டுண்ணியைத் தேடிப் போகிறவர் யார்? நம் ஊரில் இது கால்நடை மருத்துவரின் வேலை, அல்லது விலங்கியல் படித்தவரின் வேலை. ஸ்பெயினில் மூன்றாவதாக ஒரு பாதை உண்டு. ஒட்டுண்ணியியல் அங்கே மருந்தியல் கல்லூரியின் பாடம். கிரனாடா, பார்சலோனா, வலென்சியா, மாட்ரிட் பல்கலைக்கழகங்களின் மருந்தியல் புலங்களில் தலைமுறை தலைமுறையாக ஒட்டுண்ணி ஆய்வு நடக்கிறது. பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளை அங்கே நாடாப்புழுவின் தலையையும் தட்டைப்புழுவின் முட்டையையும் வரைந்து பழகிவிட்டுத்தான் மருந்துக்கடைக்குப் போகிறது. படிப்பு முடித்த மருந்தாளுநர் போட்டித் தேர்வு எழுதி, மருத்துவமனையில் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்று, மருத்துவருக்குச் சமமாக அந்த ஆய்வகத்தில் பணியாற்றலாம்.

இந்த மரபின் மூலவர் கார்லோஸ் ரோட்ரிகேஸ் லோபெஸ் நெய்ரா. 1885-ல் கோர்தோபாவில் பிறந்து, கிரனாடா மருந்தியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, 1958-ல் மறைந்தவர். தவளை, பல்லி, பறவை, முயல், நரி என்று எது கிடைத்தாலும் அதன் குடலைத் திறந்து புழுவைத் தேடினார். புழுக்களின் கொக்கிகளை எண்ணினார், உறிஞ்சிகளை அளந்தார், வரைந்தார். ஐபீரியத் தீபகற்பத்தின் முதுகெலும்பு விலங்குகளில் வாழும் புழுக்களைப் பற்றி 1947-ல் அவர் வெளியிட்ட நூல் மூன்று தொகுதிகளாக வந்தது. ஒட்டுண்ணியியலுக்கென்று 1941-ல் கிரனாடாவிலிருந்து ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். கிரனாடாவில் இன்று இயங்கும் தேசிய ஒட்டுண்ணியியல், உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு அவர் பெயர்தான்.

உள்நாட்டுப் போர் முடிந்து, ரொட்டிக்கே பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில் பல்லியின் குடற்புழுவுக்கு எதற்கு மூன்று தொகுதி என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்குப் பதில் சொல்வது கடினம். ஃபுவென்லப்ராடா போன்ற ஒன்று நடக்கும்போது அந்தப் பதில் தானாகக் கிடைக்கிறது. ஒரு காட்டில் எந்த விலங்கில் எது வழக்கமாக இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தால்தான், வழக்கம் மாறியதைக் கண்டுபிடிக்க முடியும். நோய் வந்த பிறகு தொடங்கும் பட்டியல் எப்போதும் தாமதமான பட்டியல். அந்த வேலையைச் செய்யக் கூடியவர்கள், அதாவது ஒரு புழுவைக் கண்ணால் பார்த்து இனம் சொல்லக் கூடியவர்கள், இன்று உலகெங்கும் அருகி வருகிறார்கள். மரபணு இயந்திரம் விடை சொல்லும்தான். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரி ஒன்று எங்காவது பத்திரமாக இருந்தால்.

வலென்சியா மருந்தியல் புலத்தின் சான்டியாகோ மாஸ் கோமா குழுவின் பணியும் இதே வழியில் வந்தது. ஆட்டின் கல்லீரலைத் தின்னும் தட்டைப்புழு, பிரான்ஸுக்குச் சொந்தமான கோர்சிகா தீவில் காட்டிலுள்ள கறுப்பு எலிகளிலும் வாழ்ந்து, அங்கிருந்து பரவுகிறது என்பதை அவர்கள் 1980-களில் ஆராய்ந்தார்கள். அங்கிருந்து பொலிவியாவின் உயர்ந்த பீடபூமிக்குப் போய், அதே புழு மனிதக் குழந்தைகளில் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று கண்டார்கள். அந்தப் புழுவுக்கு இன்று கைவசம் உள்ள முதன்மையான மருந்து ட்ரைக்ளாபென்டசோல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் செய்யப்பட்டு, பிறகு மனிதருக்கு வந்த மருந்து அது.

ஒட்டுண்ணி ஒளியும் இடத்துக்கே மருந்து

லீஷ்மேனியா நோயாளிக்கு என்ன கொடுக்கிறார்கள்? இங்கேதான் மருந்தாளுநரின் கல்வி முழுமையாகப் பயன்படுகிறது.

தோல் புண்ணுக்கு ஆன்டிமனி கலந்த மருந்தைப் புண்ணின் விளிம்பிலேயே ஊசியாகப் போடுவார்கள். உள்ளுறுப்பு வகைக்கு இன்று முதல் தேர்வு லிப்போசோம் வடிவ ஆம்ஃபோடெரிசின் பி. 1950-களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைக்கொல்லி இது. பூஞ்சையின் உறையில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. மனிதச் செல்லில் இருப்பது கொலஸ்டெரால். ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலைத் தேடிப் பற்றி உறையில் ஓட்டை போடும். லீஷ்மேனியாவின் உறையிலும் எர்கோஸ்டெரால் வகைக் கொழுப்பே இருப்பதால் பூஞ்சைக்கொல்லி ஒட்டுண்ணிக்கொல்லியாகவும் ஆயிற்று.

ஆனால் பழைய வடிவில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது. ஊசி ஏறும்போதே நோயாளிக்கு நடுக்கமும் காய்ச்சலும் வரும். மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து அனுப்பியபோது நிலைமை மாறியது. உடலுக்குள் குமிழியைக் கண்டதும் விழுங்குவது யார்? பெருவிழுங்கிகள் என்னும் வெள்ளையணுக்கள். லீஷ்மேனியா ஒளிந்து பெருகும் இடம் எது? அதே பெருவிழுங்கிகள். மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஒட்டுண்ணி பதுங்கியிருக்கும் செல்லே மருந்தையும் இழுத்துக்கொள்கிறது. மருந்துத் தயாரிப்பியலில் இவ்வளவு அழகான பொருத்தம் அபூர்வம். மத்தியதரைப் பகுதி நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 18 முதல் 21 மில்லிகிராம் வரை, பல நாட்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நாய்க்குக் கதை வேறு. ஸ்பெயினில் லீஷ்மேனியா பிடித்த நாயின் வைத்தியம் பக்கத்துத் தெரு மருந்துக்கடையோடு பின்னிக் கிடக்கிறது. கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் அல்லோபுரினால் இருக்கும். யூரிக் அமிலத்துக்காக மனிதர்கள் தினமும் விழுங்கும் அதே மாத்திரை. ஒட்டுண்ணி அதைத் தன் உணவு என்று நம்பி எடுத்துக்கொண்டு, தன் மரபுச்சரத்தில் சேர்த்து, பெருக முடியாமல் முடங்கிப் போகும். மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும். நாயின் உடலில் ஒட்டுண்ணி குறையுமே ஒழிய முற்றிலும் அழியாது. ஆம்ஃபோடெரிசினை மட்டும் நாய்க்குத் தராதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கேட்டுக்கொண்டிருக்கிறது. மனிதருக்கு இருக்கும் சில மருந்துகளில் சிறந்ததற்கு ஒட்டுண்ணி பழகிவிட்டால் மாற்று குறைவு. கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். புழுவும் ஒட்டுண்ணியும் படித்து வந்தவருக்குத் தெரியும்.

அதே கவுன்டருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1980-களிலும் 90-களிலும் ஸ்பெயினில் ஹெராயின் பழக்கமும் எய்ட்ஸும் சேர்ந்து பரவியபோது, எச்.ஐ.வி. தொற்றியவர்களிடம் லீஷ்மேனியாவும் கூடியது. மாட்ரிட்டில் எறிந்து கிடந்த ஊசிக் குழல்களைப் பொறுக்கிச் சோதித்த ஆய்வாளர்கள், அவற்றுக்குள் லீஷ்மேனியாவின் மரபணுவைக் கண்டார்கள்; 2002-ல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. ஈயே இல்லாமல் ஊசி வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுண்ணி போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் புதிய ஊசியும் ஆணுறையும் அடங்கிய சிறு பொட்டலத்தை விநியோகித்த இடங்களில் மருந்துக்கடைகள் முக்கியமானவை.

சென்னையில் பார்த்த புள்ளிகள்

இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டானவன், நாள்பட்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் கொண்ட நோயாளிகளின் மண்ணீரலில் சிறு முட்டை வடிவப் புள்ளிகளைக் கண்டார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் நோய்ப்பட்டு இறந்த சிப்பாயின் உடலில் வில்லியம் லீஷ்மன் கண்டவையும் அவையே. இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டானவானி என்று பெயர் வைத்தவர் ரொனால்டு ராஸ். மணல் ஈ கடித்துத்தான் காலா அசார் என்னும் இந்த உள்ளுறுப்பு நோய் வருகிறது என்பதை 1942-ல் ஐயமற நிறுவியதும் இந்தியாவில் பணியாற்றிய ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவர் குழு. அதற்குச் சற்று முன்னர் ஒரு சிறு விஷயம் வழி திறந்திருந்தது. முதல் இரத்தம் குடித்த ஈக்கு உலர்திராட்சையைக் கொடுத்து வைத்திருந்தால் ஒட்டுண்ணி அதன் குடலில் பெருகித் தொண்டைவரை அடைத்துக்கொள்கிறது என்று கண்டிருந்தார்கள்.

இந்திய ஒட்டுண்ணிக்கும் ஸ்பெயின் ஒட்டுண்ணிக்கும் உள்ள வேறுபாடு பெரியது. பீகாரின் காலா அசார் மனிதரிலிருந்து ஈ வழியாக மனிதருக்கு வருகிறது. நோயாளிகளைத் தேடிப் பிடித்து, ஒரே வேளை ஆம்ஃபோடெரிசின் கொடுத்து, வீட்டுச் சுவரில் மருந்தடித்தால் சங்கிலி அறுகிறது. ஸ்பெயினில் கடைசி நோயாளி குணமான பிறகும் ஒட்டுண்ணி நாயிலும் முயலிலும் இருக்கும். மனிதரை மட்டும் பார்த்து அங்கே இந்த நோயை ஒழிக்க வழியே இல்லை. காட்டைப் படிக்காமல் அங்கே பொதுச் சுகாதாரம் கிடையாது.

மலையாட்டுக்கு மருந்து போடலாமா?

காட்டு விலங்கின் ஒட்டுண்ணி மனிதருக்கு வந்தால்தான் கவனிக்க வேண்டுமா? தெற்கே அந்தலூசியாவின் கசோர்லா மலைக்குப் போனால் கேள்வி திரும்பி நிற்கிறது. 1987-ல் அங்குள்ள ஐபீரிய மலையாடுகளுக்குச் சொறி நோய் வந்தது. அதற்குக் காரணம் தோலுக்குள் துளைத்துச் சுரங்கம் போடும் நுண்ணிய உண்ணி. ஆடுகள் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து வெடித்து, தின்ன முடியாமல் எலும்பும் தோலுமாக விழுந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்த மலையின் ஆடுகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்தன. இதே இனத்தின் பிரனீஸ் மலைக் கிளை 2000-ஆம் ஆண்டில் வேறு காரணங்களால் பூண்டோடு மறைந்தது என்பதை நினைத்தால், கசோர்லாவில் போனது எவ்வளவு என்று புரியும்.

சொறிக்கு மருந்து இருக்கிறது: ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணிலிருந்து வந்தது, 2015-ல் நோபல் பரிசுக்குக் காரணமானது, கால்நடைக்கும் மனிதருக்கும் கோடிக்கணக்கில் கொடுக்கப்பட்டது. மலையாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிடித்து ஊசி போட்டால் ஆடு குணமாகிறது. ஆனால் செங்குத்துப் பாறையில் ஓடும் ஆயிரக்கணக்கான ஆடுகளை எப்படிப் பிடிப்பது? தீவனத்தில் கலந்து வைத்தால், கொழுத்த கடா இரண்டு மடங்கு தின்னும். மருந்து தேவைப்படும் நோஞ்சான் ஆடு கிட்டே வராது. குறைந்த அளவு மருந்து பட்ட உண்ணி அதற்குப் பழகிக்கொள்ளவும் கூடும்.

இன்னொன்று, ஐவர்மெக்டின் ஆட்டின் உடலில் பெரிதாகச் சிதைவதில்லை; பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறுகிறது. அந்தச் சாணத்தை உருட்டிப் புதைத்து மண்ணாக்குவது சாண வண்டுகள். ஸ்பெயின் ஆய்வாளர்கள் வண்டுகளுக்கு மிகக் குறைந்த அளவு ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்தபோது, அவை சாகாவிட்டாலும் வாசனை பிடிக்கும் திறனையும் நடக்கும் வலுவையும் இழந்தன. சாணம் எங்கே என்று தெரியாத சாண வண்டு எதற்கு? வண்டு இல்லாத புல்வெளியில் சாணம் காய்ந்து கிடக்கும். அடியில் புல் முளைக்காது.

சியரா நெவாடா மலைக்கும் 1990-களின் தொடக்கத்தில் சொறி வந்தது. அங்கே கசோர்லாவைப் போல எல்லாம் சரிந்துவிடவில்லை. சில ஆடுகள் நோய்ப்பட்டும் தாமாகவே தேறின. ஏன் என்பதை ஆய்வாளர்கள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்: மரபா, உணவா, கூட்டத்தின் நெருக்கமா? நோய்ப்பட்ட ஆட்டையெல்லாம் சுட்டுத் தள்ளினால் தேறக்கூடிய ஆடும் அதனோடு போய்விடும் என்பதால் இது ஏட்டுக் கேள்வி அல்ல. வெகு காலமாக அப்படித்தான் சுட்டார்கள்.

எந்த மலையில் மருந்து, எந்த மலையில் காத்திருப்பு, எங்கே ஆட்டு மந்தையையும் மலையாட்டையும் பிரித்து வைப்பது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் வனத்துறையும் வேட்டைச் சங்கமும் மேய்ப்பரும் கால்நடை மருத்துவரும் உட்காருகிறார்கள். மருந்தின் அளவையும், உடலில் அது தங்கும் நாட்களையும், சாணத்தில் அது போய்ச்சேரும் கணக்கையும் அறிந்த மருந்தாளுநருக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் கல்லூரிகள் ஸ்பெயினில் இன்னும் இருக்கின்றன. பாடத்திட்டத்தைச் சுருக்கும்போதெல்லாம் முதலில் கத்தரி விழுவது ஒட்டுண்ணியியல் வகுப்பின் மேல்தான் என்றால், நோயைத் தேடிப் போகத் தெரிந்த அடுத்த தலைமுறையைத்தான் அந்தக் கத்தரி வெட்டுகிறது.